அறுபதுக்குக் கீழே

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் துரைக்கண்ணு முதலியார் வீடு என்று கேட்டால் எந்தத் துரைக்கண்ணு என்று திருப்பிக் கேட்பார்கள். கம்ப்யூட்டர்காரப் பெண் வீடு என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. முன்கட்டில் இரண்டு தறிகள், பின்கட்டில் அடுப்பு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இருந்தது கிண்டியில், ஒரு நிறுவனத்தின் குளிரூட்டிய கூடத்தில். அதற்குப் புரோகிராம் எழுதுகிற வேலை முதலியாரின் மகள் ஏலவார்குழலிக்கு.

1973-ஆம் வருடம் அவளுக்கு இருபத்தாறு வயது. கணக்கில் எம்.எஸ்ஸி. வாரம் முழுக்க சைதாப்பேட்டையில் பெண்கள் விடுதி. சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர். அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது தெருவில் தறிக்குப் பாவு நீட்டிக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் யாரையும் பார்க்க மாட்டாள். கர்வம் என்றார்கள் சிலர். கொஞ்சம் கர்வமும் உண்டுதான்.

அந்த மிஷின்மேல் அவளுக்குப் பக்தி என்றே சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் மூன்றாவது ரேங்க் வாங்கியவள் அவள். ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்குப் போனபோது, ரேங்க் எதுவும் வாங்காத வேறொருவருக்கு வேலை கிடைத்தது. அவர் கையில் மந்திரி ஒருவரின் கடிதம் இருந்தது. அதற்குப் பிறகுதான் கிண்டி. மிஷினுக்குக் கடிதம் படிக்கத் தெரியாது, யார் பெண் எந்தத் தெரு என்று கேட்கத் தெரியாது, போட்ட எண்ணை மட்டும்தான் பார்க்கும் என்று அவள் விடுதித் தோழிகளிடம் அடிக்கடி சொல்வாள். சொல்லும்போது அவள் முகமே மலர்ந்துவிடும்.

அதனால்தான் அந்த ஜூன் மாதம், நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற வேலை முதல்முறையாகக் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, "இதை நான் செய்யறேன் சார்" என்று மேலதிகாரி பரசுராமனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலாயிரத்து முந்நூறு விண்ணப்பங்கள். பள்ளி இறுதித் தேர்வில் ஆறு பாடம், நுழைவுத் தேர்வில் நாலு தாள், ஆகப் பத்து மதிப்பெண்கள், ஒவ்வொன்றும் நூற்றுக்கு. ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை அறுபதோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி என்று சுகாதாரத் துறையிலிருந்து வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. அவள் அதை அட்சரம் பிசகாமல் அப்படியே புரோகிராமாக எழுதினாள். மதிப்பெண்ணை 0.1 ஆல் பெருக்கு. கூட்டு. அறுபதோடு ஒப்பிடு. குறைந்தால் இந்தப் பக்கம், குறையாவிட்டால் அந்தப் பக்கம்.

இருபது விண்ணப்பங்களைக் கையால் போட்டுப் பார்த்துச் சரி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மொத்தத்தையும் ஓட்டினாள். துளையிட்ட அட்டைகள் சரசரவென்று உள்ளே போயின. நாற்பது நிமிடத்தில் இரண்டு பட்டியல்கள் வந்து விழுந்தன. தகுதி பெற்றவர்களின் எண்கள் ஒன்று, பெறாதவர்களின் எண்கள் இன்னொன்று. போன வருடம் இதற்குப் பன்னிரண்டு குமாஸ்தாக்களும் ஒரு மாதமும் ஆயின என்று பரசுராமன் அவளிடம் கைகுலுக்கிச் சொன்னார். ஒரு சிபாரிசு இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை. அன்று விடுதிக்கு அவள் ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னம்மாள் வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள். ஏலவார்குழலியின் அண்ணிக்குப் பிரசவமானபோது மூன்று நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். அந்தப் பழக்கத்தில் வந்திருந்தாள். கூட ஒரு பெண், பதினெட்டு வயதிருக்கும், வெளுத்த நீலத் தாவணி, கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"எம் பொண்ணும்மா, லில்லி. நர்சு படிப்புக்கு எழுதிப் போட்டுச்சு. கிடைக்கலைன்னு கார்டு வந்துட்ச்சு" என்றாள் அன்னம்மாள், வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு. "ஆனா ஸ்கூல் டீச்சரம்மா மார்க்கெல்லாம் கூட்டிப் பார்த்துட்டு, சரியா அறுபது வருது, கிடைச்சிருக்கணுமேன்றாங்க. நீதான் அங்க வேலை பார்க்குறியாமே. ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லுமா."

லில்லி காகிதத்தை நீட்டினாள். ஏலவார்குழலி கையில் வாங்கவில்லை. வாங்காததற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. ஊரில் ஆளாளுக்கு ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள், இதுவும் சிபாரிசுதானே என்று அவள் மனசுக்குள் ஒரு எரிச்சல் ஓடிற்று, அவ்வளவுதான்.

"டீச்சர் எங்கியோ தப்பாக் கூட்டியிருப்பாங்க" என்றாள். "மிஷின் தப்புப் பண்ணாது."

"மூணு வாட்டி கூட்டினாங்கக்கா" என்றாள் லில்லி. குரல் சின்னதாக இருந்தது.

"மனுஷங்க முப்பது வாட்டி கூட்டினாலும் தப்பு வரும். அதுக்குத்தான் மிஷின்."

லில்லி கொஞ்சம் யோசித்தாள். "சரியா அறுபதுன்னா பாஸா, பெயிலாக்கா?"

"அறுபதும் பாஸ்தான்."

"அப்போ என்னுது அறுபதுக்குக் கீழேங்களா?"

"கிடைக்கலைன்னா கீழதான்."

பெண் தலையை ஆட்டினாள். காகிதத்தை மறுபடி மடித்தாள். ஏலவார்குழலியின் அம்மா ரேணுகாம்பாள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து, அதற்கென்று தனியாக மாடத்தில் வைத்திருந்த தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

ஏலவார்குழலி அதை அன்றைக்கே மறந்தும் போனாள்.

அக்டோபரில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கூடத்தில் பிரிண்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் மடிப்பு மடிப்பாகத் தரையில் வழிந்தது. பக்கத்து மேஜைக் குமாரவேல் ஓடிப்போய் மிஷினை நிறுத்திவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். அவனும் புரோகிராம் எழுதுகிறவன்தான், அவளுக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவன்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஜீரோலேந்து பாயிண்ட் ஒண்ணு பாயிண்ட் ஒண்ணா கூட்டிக்கிட்டே போ, ஒண்ணு வந்ததும் நில்லுன்னு எழுதினேங்க. நிக்கவே இல்ல. ஒண்ணைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்குது."

"பத்து தடவை கூட்டினா ஒண்ணுதானே? நின்னிருக்கணுமே."

"நமக்கு ஒண்ணு. அதுக்கு இல்ல." குமாரவேல் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். "மூணுல ஒரு பங்கைத் தசமத்துல எழுதுங்க. பாயிண்ட் மூணு மூணு மூணுன்னு முடிவே இல்லாமப் போவும். எங்கியாவது வெட்டித்தானே ஆகணும்? வெட்டினதை மூணு தடவை கூட்டினா ஒண்ணு வருமா? பாயிண்ட் ஒம்போது ஒம்போதுதான் வரும். மிஷினுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு இலக்கம், ஜீரோவும் ஒண்ணும். அதுல எழுதினா பத்துல ஒரு பங்குக்கும் முடிவே கிடையாது. அதுவும் வெட்டிடும். ஒரு துளி குறைஞ்சுடும். அப்புறம் சமமா இருக்குதான்னு கேட்டா எப்படி இருக்கும்? நான்தான் புத்திகெட்டுப்போய் அப்படிக் கேட்டேன்."

அவன் இன்னும் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏலவார்குழலிக்குக் காதில் விழவில்லை. பத்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று உள்ளுக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. நாலாயிரத்து முந்நூறு பேருக்கும் 0.1 ஆல் பெருக்கச் சொன்னவள் அவள். பெருக்கிக் கூட்டியதை அறுபதோடு ஒப்பிடச் சொன்னவளும் அவள்தான்.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அட்டைப் பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கினாள். மதிப்பெண்களை முழு எண்ணாகவே கூட்டி, சரியாக அறுநூறு வருகிறவர்களை மட்டும் பொறுக்கச் சொன்னாள். பதினேழு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பழைய கணக்கையே போட்டு, கூட்டுத்தொகையையும் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடச் சொன்னாள். பதினேழு வரியிலும் 60.00 என்று வந்தது. ஆறு பேருக்குத் தகுதி உண்டு என்றிருந்தது. பதினோரு பேருக்கு இல்லை என்றிருந்தது. ஒரே அறுபது. மதிப்பெண்கள் எந்த வரிசையில் வந்து விழுந்தனவோ அதைப் பொறுத்துச் சிலருக்குக் குறைந்தும் சிலருக்குக் குறையாமலும் போயிருந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதாது என்று ஐந்து இலக்கம் அச்சிடச் சொன்னாள். அந்தப் பதினோரு வரிகளிலும் 59.99998 என்று வந்தது.

ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய பெயரைப் பதிவேட்டில் தேடிக்கொண்டே வந்தவள் ஏழாவது வரியில் நின்றுவிட்டாள். த. லில்லி, தகப்பனார் பெயர் தாவீது, சின்ன காஞ்சிபுரம் அஞ்சல்.

முதலில் நடந்தது என்னவென்றால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் அந்தப் பத்து மதிப்பெண்களையும் காகிதத்தில் எழுதிக் கூட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளை கூட்டுகிற மாதிரி, மீதியை மேலே எழுதிக் கூட்டினாள். அறுநூறு. மறுபடி கூட்டினாள். அறுநூறு. மூன்றாவது முறை கூட்டும்போது டீச்சரும் மூன்று முறை கூட்டியது ஞாபகம் வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

பரசுராமன் கெட்ட மனிதர் அல்ல. அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"முதல்லயே கூட்டிட்டு அறுநூறோட கம்பேர் பண்ணியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே" என்றார்.

"ஆமா சார்."

"ஏன் பண்ணலை?"

"துறைக் காகிதத்துல பத்துல ஒரு பங்குன்னு இருந்தது சார். அப்படியே எழுதினேன்." சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பதில் என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் யோசித்திருந்தால் ஒரு வரி. ஒரே ஒரு வரி.

"கிளாஸ் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆயாச்சு."

"செங்கல்பட்டு மாவட்டத்துல தகுதியானவங்க இல்லைன்னு மூணு இடம் காலியாப் போய், அதை வேற மாவட்டத்துக்குக் குடுத்திருக்காங்க சார். இந்தப் பதினோரு பேர்ல ஒரு பொண்ணு அந்த மாவட்டம். அவளுக்கு நிச்சயம் கிடைச்சிருக்கும்."

அவர் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வாசல்ல யூனியன்காரங்க கோஷம் போடறதைக் கேக்கறீங்க இல்ல? கம்ப்யூட்டர் வந்தா வேலை போயிடும்னு. இப்ப கம்ப்யூட்டருக்குக் கூட்டவும் தெரியலைன்னு நாமே போய்ச் சொன்னா? அடுத்த வருஷம் இந்த வேலை நமக்கு வராது. திரும்பப் பன்னிரண்டு குமாஸ்தா, திரும்பச் சிபாரிசு. அதுவா உங்களுக்கு வேணும்? புரோகிராமைத் திருத்துங்க. வர்றவங்களுக்காவது சரியா நடக்கட்டும். போனவங்களை நாம ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னதில் பாதி, அவளே எத்தனையோ தடவை சொன்னதுதான். அதனாலேயே அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அவள் புரோகிராமைத் திருத்தினாள். கூடவே, அவரிடம் சொல்லாமல், துறைக்கு ஒரு கடிதமும் எழுதினாள். பதினோரு எண்களையும் எழுதி, தவறு தன்னுடையது என்றும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, நாலே வரி. தேர்வுப் பட்டியல் கணிப்பொறியின் மூலம் தயாரிக்கப்பட்டதாகையால் அதில் பிழை நேர வாய்ப்பில்லை என்றும், மறுபரிசீலனைக்கு இடமில்லை என்றும் எழுதி, யாரோ ஒரு பிரிவு அலுவலர் கையெழுத்துப் போட்டிருந்தார். நகல் பரசுராமனுக்குப் போயிருந்தது. மறுநாள் அவளைப் புரோகிராம் எழுதுவதிலிருந்து எடுத்து, துளையிட்ட அட்டைகளைச் சரிபார்க்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் உத்தரவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். "எனக்கு வேற வழி இல்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு வயதுதான். அடுத்த வருடம் மறுபடி எழுதலாம். நானே போய்ச் சொல்கிறேன், நானே விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன், நுழைவுத் தேர்வுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். மாற்றி எழுதுவதற்கு இன்னும் ஒரு வழி பாக்கி இருக்கிறது என்கிற எண்ணத்தில்தான் அவள் அந்த நவம்பரில் சாப்பிட்டாள், தூங்கினாள்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு காலை வேகவதி ஆற்றைத் தாண்டி அன்னம்மாள் இருந்த காலனிக்குப் போனாள். அந்தப் பக்கம் அவள் அதற்கு முன் போனதே இல்லை. லில்லியின் அப்பா தாவீது வீட்டுக்கு வெளியே கூரையில் ஓலை செருகிக்கொண்டிருந்தார். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஏணியிலிருந்து அவசரமாக இறங்கித் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். அன்னம்மாள் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முதலில் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். முதலியார் வீட்டுப் பெண் தங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டாள் என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"தண்ணியே குடுங்க, போதும்" என்றாள் ஏலவார்குழலி. யாரும் எடுத்துவரவில்லை.

"லில்லி இல்லீங்களா?"

"லில்லிக்குக் கல்யாணம் ஆயிட்ச்சேம்மா" என்றாள் அன்னம்மாள். "செப்டம்பர்ல. தங்கவயல்ல குடுத்திருக்குது. மாப்பிள்ளை சொரங்கத்துல வேலை. மாமியா காய்கறிக் கடை வெச்சிருக்குது."

ஏலவார்குழலி கல்மேல் உட்கார்ந்தாள். அந்தப் பயிற்சிக்கு மணமாகாதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அவளுக்குத் தெரியும். அட்டையில் அதற்கென்றே ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தாள். மணமானவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு துளை. துளை இருந்தால் மிஷின் மதிப்பெண்ணைப் பார்க்கவே பார்க்காது.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை நாள் உள்ளே அடைத்து வைத்திருந்தது நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்று, நடுநடுவே தடுமாறி, திரும்பத் திரும்ப, "உங்க பொண்ணு எடுத்தது அறுபதுதாங்க, டீச்சர் சொன்னதுதான் சரி" என்று சொன்னாள்.

தாவீது துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "எவ்ளோ குறைஞ்சுதுன்னு காட்டிச்சும்மா அந்த மிஷினு?"

"லட்சத்துல ரெண்டு பங்குங்க."

"ஒரு மார்க்ல லட்சத்துல ரெண்டா?"

"ஆமாங்க."

"அப்பிடி மார்க் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. அப்படி ஒரு மார்க்கே கிடையாதுங்க."

"இல்லாத ஒண்ணு எப்பிடிமா குறையும்?"

குமாரவேல் பென்சிலை வைத்துக்கொண்டு விளக்கியது அத்தனையும் அவள் மண்டைக்குள் இருந்தது. அந்த மனிதரின் முன்னால் அதில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை.

அன்னம்மாள் அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். இப்போதுதான் பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஏலவார்குழலிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"டீச்சரம்மா கலெக்டருக்கு மனு எழுதித் தரேன்னாங்க. இவுருகூட ஒரு நாள் கூலி போனாப் போவுது, நான் எடுத்துக்கினு போறேன்னாரு. நான்தாம்மா வேணான்னேன். அங்கியே வேலை பார்க்குற பொண்ணு, அதுவே வாயால சொல்லிட்ச்சு, இன்னும் யாரு சொல்லணும்னு கேட்டேன். லில்லியும் அப்பிடித்தான் சொன்னா. அந்த அக்காவே சொல்லிட்டாங்கம்மா, எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லன்னு சொல்லி அந்தக் காயிதத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டா. தங்கவயல்லேந்து ஆளு வந்து கேட்டப்ப, ஒரு வார்த்தை எதுத்துப் பேசல."

பிறகு அவள் உள்ளே போய் வேலைப் புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "எனக்கு டூட்டிக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்துபோனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தாவீது ஏலவார்குழலியைக் காலனி முனைவரை கொண்டுவந்து விட்டார். ரோட்டில் ஏறும் இடத்தில் நின்று சொன்னார்: "ஒரே ஒரு ஒதவி பண்ணுமா. லில்லிக்கு இது தெரிய வேணாம். மார்க் பத்தலைன்னு அவ மனசைத் தேத்திக்கினு போயிட்டா. பத்துச்சுன்னு தெரிஞ்சா அங்க இருக்க மாட்டா. இருக்காம எங்க போவா?"

"சொல்லலீங்க" என்றாள். அந்த வாக்கைக் கொடுத்ததில் தனக்குள் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. லில்லியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்கிற நிம்மதி. அதற்காக அவள் தன்னை வெறுத்த மாதிரி அந்தத் தப்புக்காகக்கூட வெறுத்ததில்லை.

வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் நடந்து வரும்போது யாராவது கம்ப்யூட்டர்காரப் பெண் என்றால் திரும்பாமல் நடந்தாள். மற்ற பத்துப் பேரின் முகவரிகளையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். திருநெல்வேலி, பொள்ளாச்சி, தர்மபுரி என்று ஊர்கள். ஒவ்வொருவருக்கும் எழுதலாம் என்று இன்லாண்ட் கடிதம் வாங்கி வைத்தாள். எழுதி என்ன செய்வது? அடுத்த வருடம் எழுதுங்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்த வீடுகளில் யார் என்ன முடிவு எடுத்துவிட்டார்களோ, எந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டார்களோ. காலனியில் அன்னம்மாள் நின்ற நிலை கண்முன் வந்து கை நின்றுவிடும். கடிதங்கள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தன.

டிசம்பர் கடைசி ஞாயிறு மதியம், விடுதிக்குத் திரும்பப் போவதற்காகப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. லில்லி. கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறாள். வேலூர் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பை. புருஷன் கீழே பெட்டிக்கடையில் பீடி வாங்கிக்கொண்டிருந்தான். ஐந்து மாதத்தில் அவள் கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். புதுப் புடவை அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேங்க்கா." சிரித்தாள். "அங்க அத்தை கடையில கணக்கு நீ பார்த்துக்கோன்னாங்க. எனக்குக் கணக்கு வராதுங்க அத்தைன்னு சொல்லிட்டேன். இப்ப மூட்டை பிரிக்கிற வேலைதான். காலையில நாலு மணிக்கெல்லாம் லாரி வந்துடும்."

லில்லியின் அட்டையில் கணக்குக்கு எழுபத்தெட்டு துளையிட்டிருந்தது. பத்து எண்களில் அதுதான் பெரியது. ஏலவார்குழலிக்கு அந்தப் பத்தும் மனப்பாடம்.

டிரைவர் இன்னும் ஏறவில்லை. புருஷன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டு நின்றான். முழுசாக ஐந்து நிமிடம் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். சொல்லிவிடலாம். வாக்கு என்ன பெரிய வாக்கு? உன் மண்டையில் எல்லாம் இருக்கிறது லில்லி, என் மண்டையில்தான் இல்லாமல் போயிற்று என்று சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தது. தாவீது கேட்டதும் கூடவே வந்தது. இருக்காமல் எங்கே போவாள்?

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள் லில்லி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எங்க பெரியப்பா பொண்ணு ஐயம்பேட்டையில இருக்குது. பத்தாவது படிக்குது. அதுவும் நர்சுன்னு சொல்லிக்கினு திரியுது. அது எழுதிப் போட்டா, மார்க் பத்துமா பத்தாதான்னு மிஷின்ல பார்த்து முன்னாடியே சொல்லிடுங்கக்கா. ஆசையை வளர்த்துக்கினு அப்புறம் கஷ்டப்பட வேணாம்."

ஏலவார்குழலி இப்போது அந்தப் பிரிவிலேயே இல்லை. மிஷின் இருக்கிற கூடத்துக்குள் போக அவளுக்கு இப்போது அனுமதிச் சீட்டு வேண்டும்.

"பார்த்துச் சொல்றேன்" என்றாள்.

கண்டக்டர் விசில் ஊதினான். புருஷன் ஓடிவந்து ஏறிக்கொண்டான். பஸ் பின்வாங்கித் திரும்பி, புகையைக் கக்கிக்கொண்டு வெளியே போயிற்று. ஜன்னலிலிருந்து ஒரு கை அசைந்தது. ஏலவார்குழலியும் கையை அசைத்தாள். பிறகு சென்னை பஸ்ஸுக்கு நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற பெரியவர், கிண்டிக்கு எவ்வளவு டிக்கெட் என்று அவளிடம் கேட்டார். தெரிந்த தொகைதான், வாராவாரம் கொடுக்கிறதுதான். அவளுக்குச் சொல்ல வரவில்லை. "தெரியலீங்க" என்றாள்.